கிராங்க் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்

கிராங்க் ஷாஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், "பிஸ்டன் மேலும் கீழும் போகும், கிராங்க் அதைச் சுற்றலாக மாற்றும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தப்பில்லைதான். ஆனால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு பலமாக அமுக்கினாலும் கிராங்க் ஏன் அசைவதில்லை, நாலு பிஸ்டனும் ஏன் இரண்டிரண்டாக ஏறி இறங்குகின்றன என்று அடுத்த கேள்வி கேட்டால், அந்த வரி கைகொடுக்காது.

என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு நான் படம் வரைந்து காட்டுவதில்லை. அனிமேஷன் வீடியோக்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதையும் கிடையாது. அவற்றில் எல்லா இடத்திலும் பிஸ்டன் ஒரே சீராக ஓடுகிறது, நிஜத்தில் அப்படி ஓடுவதே இல்லை. ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்து எஞ்சினைச் சுற்றச் சொல்வேன். அதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், சாதாரண கியர் உள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். ஹைபிரிட் காரில் இதைச் செய்ய வேண்டாம். அது தானாக எஞ்சினைச் சுழற்றக்கூடியது.

முதலில் செய்ய வேண்டியவை

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் மரை கெட்டுவிடும். கார் சமதரையில், நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிற்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். இதில் சோம்பல் கூடாது. கையை புல்லிக்குள் (கிராங்க் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) விட்டிருக்கும் நேரத்தில் யாரோ சாவியைத் திருப்பினால் விரல் போய்விடும்.

எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் கார்களில் கிராங்க் புல்லி ஒரு முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பையும் கழற்றினால் புல்லியின் நடுவே ஒரு பெரிய போல்ட் தெரியும். பெரும்பாலும் 17 முதல் 22 மி.மீ. வரையுள்ள சாக்கெட் பொருந்தும். அந்த போல்ட் நேராக கிராங்க் ஷாஃப்டின் மூக்கில்தான் இறங்கியிருக்கிறது. அதைச் சுற்றினால் கிராங்கையே சுற்றுகிறீர்கள்.

பிளக் குழிகளில் தூசி மணல் இருந்தால் ஊதி எடுத்துவிட்டு நாலு பிளக்கையும் கழற்றுங்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களில் எது எந்த சிலிண்டருடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிளக் இல்லாதபோது உள்ளே காற்று அடைபடாது. ஒற்றைக் கையாலேயே எஞ்சின் சுற்றும்.

புல்லியை நேருக்கு நேர் பார்த்து நின்றால் பெரும்பாலான எஞ்சின்கள் கடிகார முள் திசையில் சுற்றும். ஹோண்டாவின் பழைய பி சீரிஸ், டி சீரிஸ் எஞ்சின்கள் இதற்கு நேர்மாறு. எந்தத் திசை என்று கையேட்டில் பார்த்துவிட்டு, அந்தத் திசையில் மட்டும் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால், கிராங்கோடு கேம் ஷாஃப்டை இணைக்கும் டைமிங் பெல்ட்டோ செயினோ, அதை இறுக்கி வைக்கும் டென்ஷனர் இருக்கும் பக்கம் இறுகி, மறுபக்கம் தளர்ந்து, ஒரு பல் தாண்டிவிடும் ஆபத்து உண்டு. வால்வுகளைத் திறந்து மூடும் அந்தக் கேம் ஷாஃப்டின் போல்ட்டைப் பிடித்து எஞ்சினைச் சுற்றுகிற பழக்கமும் வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராங்க் ஷாஃப்டில் இரண்டு வகை உருளைப் பகுதிகள் உண்டு. ஒரே நேர்கோட்டில் இருப்பவை மெயின் ஜர்னல்கள். நாலு சிலிண்டர் எஞ்சினில் வழக்கமாக ஐந்து. அவைதான் பிளாக்கில் உட்கார்ந்து சுற்றுகின்றன. அந்தக் கோட்டிலிருந்து விலகி நிற்பவை கிராங்க் பின்கள். ஒவ்வொரு பின்னிலும் ஒரு கனெக்டிங் ராடின் பெரிய முனை மாட்டியிருக்கும். ராடின் சின்ன முனையில் பிஸ்டன். பின்னுக்கு எதிர்ப்பக்கம் கனமாகத் தொங்குவது கவுண்டர் வெயிட்.

விஷயம் முழுவதும் அந்த விலகலில்தான் இருக்கிறது. பின்னின் மையம் மெயின் ஜர்னலின் மையத்திலிருந்து 42 மி.மீ. தள்ளி இருந்தால், பிஸ்டனின் ஸ்ட்ரோக், அதாவது மேலிருந்து கீழ்வரை ஓடும் தூரம், அதன் இரண்டு மடங்கு, 84 மி.மீ. கீழே நான் சொல்லும் கணக்கெல்லாம் இந்த 42 மி.மீ. விலகலுக்கும் 140 மி.மீ. நீள ராடுக்கும் உரியது. உங்கள் எஞ்சினில் எண் கொஞ்சம் மாறும், நடத்தை மாறாது.

குச்சி வைத்து ஒரு சுற்று

நீளமான, மெல்லிய பிளாஸ்டிக் குச்சி ஒன்றை முதல் சிலிண்டரின் பிளக் துளைக்குள் விடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். துளை சாய்வாக இருந்தால் அது சிக்கி பிஸ்டன் தலையில் கீறும். குச்சியின் மேல்முனையில் டேப்பைச் சுற்றிக் கொடி போல் விட்டால் உள்ளே விழாது. அப்புறம் ஒரு காகிதப் பட்டையை புல்லியின் சுற்றளவுக்கு வெட்டி, 36 சம பாகமாகக் கோடு போட்டு ஒட்டுங்கள். 140 மி.மீ. விட்டமுள்ள புல்லியென்றால் சுற்றளவு ஏறக்குறைய 440 மி.மீ.; 10 டிகிரிக்கு 12 மி.மீ. சொச்சம்.

இப்போது மெதுவாகச் சுற்றி, குச்சி உயரே வந்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் டாப் டெட் சென்டர். வேலை செய்கிறவர்கள் டாப் என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து 10 டிகிரி சுற்றுங்கள். குச்சி அசைந்ததா? அசைந்திருக்கும், ஆனால் கண்ணுக்குப் பிடிபடாது. நம் கணக்கில் பிஸ்டன் இறங்கியது வெறும் 0.8 மி.மீ.

தொடர்ந்து சுற்றி 80 டிகிரிக்குப் போங்கள். அங்கிருந்து 90 வரை அதே 10 டிகிரி. இந்த முறை குச்சி 7.5 மி.மீ. சரசரவென்று இறங்கும். அதே ஸ்பேனர், அதே கோணம், ஆனால் ஒன்பது மடங்கு ஓட்டம். கீழே போகப்போக மறுபடி தயங்கும். கடைசி 10 டிகிரியில் அரை மி.மீ. கூட இறங்காது.

இதற்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கால் சுற்று, அதாவது 90 டிகிரி முடிந்ததும் குச்சியின் அளவைக் குறியுங்கள். பாதி வழி, 42 மி.மீ. என்றுதானே நினைப்போம்? 48.5 மி.மீ. இறங்கியிருக்கும். மிச்சக் கால் சுற்றுக்கு 35.5 மட்டுமே பாக்கி. காரணம் ராடின் சாய்வு. கிராங்க் பின் கீழே போகும்போது பக்கவாட்டிலும் போகிறது, ராடும் சாய்கிறது. சாய்ந்த ராடு 140 மி.மீ. நீளமாக இருந்தாலும் செங்குத்தாக அளந்தால் 133.5 மி.மீ. உயரம்தான் நிற்கும். குறைந்த அந்த 6.5 மி.மீ. பிஸ்டனைக் கூடுதலாகக் கீழே இழுத்துவிட்டது. கீழ்ப் பாதியில் ராடு மறுபடி நிமிர்வதால் அதே 6.5 மி.மீ. இறக்கத்திலிருந்து கழிகிறது.

ஆகவே பிஸ்டன் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் சாவகாசமாகவும் ஓடுகிறது. நாலு சிலிண்டரில் இரண்டு ஏறும்போது இரண்டு இறங்கினாலும் அவற்றின் வேகம் ஒன்றையொன்று முழுதாக ஈடுகட்டுவதில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஒரு செங்குத்து அதிர்வு மிஞ்சும். கவுண்டர் வெயிட்டால் இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் கவுண்டர் வெயிட் சுற்றுக்கு ஒரு முறைதான் சுழல்கிறது. பெரிய நாலு சிலிண்டர் எஞ்சின்கள் சிலவற்றில் கிராங்கின் இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட்கள் இரண்டு இருப்பது இதற்காகத்தான்.

ஒரு பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள்

நான் சொல்ல வந்த முக்கியமான கட்டம் இது. குச்சியை எடுத்துவிட்டு முதல் சிலிண்டரின் பிளக்கை மட்டும் மாட்டி இறுக்குங்கள். மற்ற மூன்றும் திறந்தே இருக்கட்டும். நீளமான கைப்பிடியுள்ள ஸ்பேனராக எடுத்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாகச் சுற்றுங்கள். ரொம்ப மெதுவாகச் சுற்றினால் அடைபட்ட காற்று பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் அந்தக் கசிவின் சீறல் காதிலேயே கேட்கும்.

ஓரிடத்தில் ஸ்பேனர் கனக்கத் தொடங்கும். முதல் சிலிண்டர் காற்றை அமுக்குகிறது. டாப் நெருங்க நெருங்க உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஆனால் ஸ்பேனரின் கனம் ஒரு கட்டத்துக்குப் பிறகு கூடாது, குறையும். சரியாக டாப்பில் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது, உங்கள் கைக்கோ எந்தப் பாரமும் தெரியாது. இரண்டு மூன்று டிகிரி தாண்டியதும் ஸ்பேனர் தானாக முன்னே நகர்ந்து கையைத் தள்ளும். பிடியை விடாதீர்கள், கைப்பிடி எதிலாவது போய் மோதும் இடத்தில் விரலை வைக்காதீர்கள்.

டாப்பில் ராடும் கிராங்க் பின்னும் மெயின் ஜர்னலின் மையமும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கின்றன. பிஸ்டன் மேல் விழும் பாரமெல்லாம் நேராக மெயின் பேரிங் வழியாக பிளாக்கில் இறங்கிவிடுகிறது. சுற்றுவதற்கு நெம்பு நீளம் வேண்டும். இங்கே அது பூஜ்யம். சைக்கிள் பெடல் நேர் மேலே இருக்கும்போது அதன் மேல் ஏறி நின்றாலும் சக்கரம் சுற்றாது, அதே கதைதான்.

டாப்பைத் தாண்டி 10 டிகிரியில் நெம்பு நீளம் சுமார் 9.5 மி.மீ., 30 டிகிரியில் சுமார் 26.5. ஏறக்குறைய 73 டிகிரியில் ராடும் கிராங்கின் கையும் செங்கோணத்தில் நிற்கும்; நெம்பு அங்கேதான் மிக நீளம். ஆனால் அதற்குள் பிஸ்டன் நிறைய இறங்கி, எரிந்த வாயு விரிந்து, அழுத்தம் வெகுவாக விழுந்துவிடும். பலம் இருக்கும் இடத்தில் நெம்பு இல்லை, நெம்பு இருக்கும் இடத்தில் பலம் இல்லை. இரண்டையும் எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியும் என்பதுதான் எஞ்சின் வடிவமைப்பவரின் தலைவலி.

ஸ்பார்க் ஏன் டாப்புக்கு முன்னாலேயே விழுகிறது என்பதும் இதிலிருந்துதான் வருகிறது. பெட்ரோல் கலவை வெடிப்பதில்லை, எரிகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். 3000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு மில்லி செகண்டில் 18 டிகிரி சுற்றிவிடும். டாப்பில் பற்றவைத்தால் அழுத்தம் ஏறுவதற்குள் பிஸ்டன் வெகுவாக இறங்கியிருக்கும். அதனால் முன்கூட்டியே பற்றவைத்து, உச்ச அழுத்தம் டாப்பைத் தாண்டி 10 முதல் 20 டிகிரிக்குள் வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். 75 மி.மீ. உள்விட்டம் உள்ள சிலிண்டரில் 60 பார் அழுத்தம் என்றால் பிஸ்டன் தலையில் விழுவது சுமார் 2.7 டன்.

ரொம்பவும் முன்னால் பற்றவைத்தால்? கிராங்க் டாப்புக்கு வருமுன்பே அழுத்தம் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். கைப்பிடி போட்டு எஞ்சினைக் கிளப்பிய காலத்தில் அந்தக் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை உடைத்த சம்பவங்கள் சர்வசாதாரணம். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக்கில் வந்த பிறகுதான் அந்தப் பயம் மெல்ல விலகியது.

மற்ற மூன்று சிலிண்டர்கள் எதற்கு

பிளக்கை மறுபடி கழற்றுங்கள். கம்ப்ரஷன் டெஸ்டரின் ரப்பர் குழாய் கிடைத்தால், அதன் முனையில் இருக்கும் சின்ன வால்வை எடுத்துவிட்டு முதல் சிலிண்டரில் திருகி, மறுமுனையில் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையைக் கட்டுங்கள். சுற்றும்போது கையுறை ஒரு அரைச் சுற்றில் உப்பும், அடுத்த அரைச் சுற்றில் சுருங்கும், அப்புறம் ஒரு முழுச் சுற்றுக்குப் பெரிதாக உப்பவோ சுருங்கவோ செய்யாது. பிஸ்டன் இரண்டு முறை டாப்புக்கு வருகிறது, ஒரு முறைதான் அமுக்குகிறது. உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்ற நாலும் முடிய கிராங்க் இரண்டு சுற்று, 720 டிகிரி சுற்ற வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் அதே நேரத்தில் ஒரே சுற்றுதான் சுற்றும். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் (செயினோ பெல்ட்டோ ஓடும் பல்சக்கரம்) இருப்பதைப்போல் இரண்டு மடங்கு பல் கேம் ஸ்ப்ராக்கெட்டில் இருப்பது அதனால்தான்.

குழாயை ஒவ்வொரு சிலிண்டராக மாற்றிப் பார்த்தால் அமுக்கல் வரும் வரிசை 1, 3, 4, 2 என்று கிடைக்கும். நாலு சிலிண்டர் எஞ்சின்களில் பரவலாக இருப்பது இந்த வரிசைதான். ஒன்றும் நாலும் சேர்ந்து ஏறும். இரண்டும் மூன்றும் சேர்ந்து இறங்கும். 720ஐ நாலால் வகுத்தால் 180. அரைச் சுற்றுக்கு ஒரு தள்ளல். மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒன்று, ஆறில் 120க்கு ஒன்று.

180 டிகிரிக்கு ஒன்று என்றாலும், ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிராங்கை ஓட்ட யாருமில்லாத இடம் வரும். அடுத்த சிலிண்டரோ அதே நேரத்தில் காற்றை அமுக்கிக்கொண்டு கிராங்கைப் பிடித்து இழுக்கிறது. உங்கள் ஸ்பேனரில் தெரிந்த அந்தக் கனம்தான். அந்த இடைவெளியைக் கடத்திவிடுவது கிராங்கின் பின்முனையில் போல்ட் போட்டிருக்கும் கனமான சக்கரம், ஃப்ளைவீல். கார் விளம்பரத்தில் போடும் டார்க் (சுற்றும் பலம்) எண் இந்த ஏற்ற இறக்கத்தின் சராசரி. கிராங்க் பின் மேல் நிஜமாக விழுவது ஒரு கணம் அதைவிட அதிகம், மறுகணம் எதிர்ப்பக்கம்.

இவ்வளவு எளிய கருவிக்கும் உரிமைச் சண்டை நடந்திருக்கிறது. 1780இல் ஜேம்ஸ் பிக்கார்டு என்பவர் நீராவி எஞ்சினில் கிராங்கைப் பயன்படுத்த இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிவிட, ஜேம்ஸ் வாட் அதைத் தொடாமல் வேலையை முடிக்க 1781இல் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி இன்னொன்று ஓடும் மாற்று ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு மெல்ல எல்லோரும் கிராங்குக்கே திரும்பினார்கள்.

கையால் சுற்றும்போது தெரியாத ஒன்று: ஆயில்

கிராங்க் ஜர்னலுக்கும் அதைத் தாங்கும் மெல்லிய வளைந்த தகடான பேரிங் ஷெல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பெரும்பாலும் 0.02 முதல் 0.06 மி.மீ.க்குள். எஞ்சின் ஓடும்போது இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆயில் பம்ப் ஆயிலை அந்த இடுக்குக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவே. ஜர்னல் சுற்றும் வேகத்தில் ஆயில் குறுகலான பக்கம் இழுபட்டு, அங்கே தானே அழுத்தம் உண்டாக்கி, சற்றுமுன் சொன்ன 2.7 டன்னையும் தாங்குகிறது. நீங்கள் ஸ்பேனரில் சுற்றும் வேகத்தில் அந்தப் படலம் உருவாகாது. அதனால் காரணமில்லாமல் பத்து நிமிஷம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

ஆயில் போகும் பாதையையும் தெரிந்துகொள்ளுங்கள். பம்ப், ஃபில்டர், பிளாக்கில் இருக்கும் பிரதான வழி, மெயின் பேரிங். அங்கிருந்து கிராங்குக்குள்ளேயே சாய்வாகத் துளைத்த ஓட்டை வழியாக கிராங்க் பின்னுக்கு. கிராங்க் பின்தான் இந்த வரிசையின் கடைசியில் இருக்கிறது. பிரஷர் குறைந்தால் வழக்கமாக முதலில் தேய்வது ராடின் பெரிய முனைப் பேரிங்தான். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது அடியிலிருந்து கனமான "டொக் டொக்" வந்தாலோ, ஓடும்போது சிவப்பு ஆயில் லைட் எரிந்தாலோ அடுத்த வளைவு வரை கூட ஓட்டாதீர்கள். அங்கேயே அணைத்துவிட்டால் பேரிங் ஷெல் மாற்றுவதோடு போகலாம். ஜர்னல் கீறிவிட்டால் கிராங்கை வெளியே எடுத்து 0.25 அல்லது 0.50 மி.மீ. கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் ஷெல் போட வேண்டும். சில கிராங்குகளை கிரைண்டிங் செய்யத் தயாரிப்பாளர் அனுமதிப்பதே இல்லை.

ஸ்பேனர் கையில் இருக்கும்போதே செய்யக்கூடிய ஒரே ஒரு சோதனை உண்டு. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை அழுத்தி அழுத்தி விடட்டும், நீங்கள் புல்லியின் விளிம்பைப் பாருங்கள். கிராங்க் முன்னும் பின்னும் நகரும் அளவை ஒரு தனி த்ரஸ்ட் பேரிங் கட்டுப்படுத்துகிறது, பொதுவாக 0.1 முதல் 0.3 மி.மீ. அசைவு அனுமதி. அது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாது. புல்லி உள்ளே வெளியே போவது நன்றாகத் தெரிந்தால் டயல் கேஜ் வைத்து அளக்கும் நேரம் வந்துவிட்டது.

மூடும்போது

பிளக்குகளை முதலில் கையாலேயே, சாக்கெட் எக்ஸ்டென்ஷனை விரலில் உருட்டி, மரை பிடித்து இறங்கும் வரை திருகுங்கள். அப்புறம்தான் டார்க் ரெஞ்ச், கையேட்டில் சொன்ன அளவுக்கு. காயில்கள் குறித்த வரிசையில். சுற்றும்போது புல்லி போல்ட் தளர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் அதையும் கையேட்டைப் பார்த்து இறுக்குங்கள். பல எஞ்சின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்த போல்ட்தான். புல்லியின் அருகே கிராங்க் சென்சார் இருந்தால் அதன் வயர் எதிலும் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பல எஞ்சின்களில் 60 பல்லுக்கு இடமுள்ள சக்கரத்தில் இரண்டு பல்லை விட்டுவைத்திருப்பார்கள். அந்த வெற்றிடம் சென்சாரைக் கடக்கும்போதுதான் கம்ப்யூட்டருக்கு கிராங்க் எங்கே நிற்கிறது என்று தெரியும். வயர் அறுந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் கிளம்பாது.

காகிதப் பட்டையைக் கிழித்தெடுங்கள். சாக்கெட்டும் கைப்பிடியும் புல்லி போல்ட்டில் இல்லை, டூல் பாக்ஸில் இருக்கின்றன என்று கண்ணால் பார்த்த பிறகே பேட்டரி வயரை மாட்டுங்கள்.